மலையிலிருந்து திரும்பி வந்த கல்யாணப் பத்திரிகை

சரவணா,

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவன் நீ. நான் வாங்கி வந்த தமிழ்ப் பேப்பரையும் சினிமா விளம்பரத்தையும் காட்டி, மடியில் உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் 'மீட்டிங்ல இருக்கேம்பா' என்பாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதில் என் குரல் எலி கத்துவது போல இருக்கிறது என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஒயிட்ஃபீல்டில் உன் வீட்டுக்கு நேரில் வரலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிடும். இந்தக் காகிதத்தை ஓடவிட முடியாது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி மெதுவாகத்தான் நீ படித்தாக வேண்டும். நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு அந்த வேகம்தான் சரி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடுவாயோ என்று அதற்கும் ஒரு பயம். நீயும் ஸ்வாதியும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இருவருமே. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி எழுதுகிற கடிதம் இல்லை இது. அந்தப் பெண்ணை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும். 'அப்பாவுக்குப் பயம்னா புதுசா என்ன' என்று நீ சிரிப்பதும் எனக்குக் கேட்கிறது. உன் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, ஓட்டப் பந்தயத்தில் உனக்குப் பக்கத்திலேயே ஓடி வந்து மானத்தை வாங்கியவன் நான். ஆனால் இத்தனை நாளும் நான் பட்டதெல்லாம் காரணம் தெரியாத பயம். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வருகிற பயம் வேறு மாதிரி இருக்கிறது, மகனே.

உன் தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். ஹாலில் மாட்டியிருக்கிற படத்தில் பார்த்ததோடு சரி, நீ பிறப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெங்களூர் கண்டோன்மெண்ட் பங்களாக்களில் மாலி, தோட்ட வேலை. அடுத்தவர் வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றியே காலம் கழித்த மனுஷர். பேச்சு குறைவு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் எங்களைப் படுத்தி எடுப்பார். பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது, சித்திரை வெயிலாக இருந்தாலும் வெந்நீர்தான். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, அதற்கு முன்பே குடிக்க வேண்டும். மழையில் நனையக் கூடாது. மூச்சு வாங்க ஓடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மலை ஏறக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நந்தி மலைக்குக் கூட்டிப் போனபோது, எங்கள் வகுப்பிலேயே போகாதவன் நான் ஒருவன்தான். ஏன் என்று கேட்டால் 'சொன்னா கேளு' என்பதோடு முடித்துக்கொள்வார். தொம்மலூரில் அவருக்கு 'வெந்நீர் மாதவன்' என்றே பேர். பூர்வீகம் கேட்டால் 'ஓசூர் பக்கம்' என்பார். ஓசூரில் எங்கே என்று கேட்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

நான் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவராகச் சேர்ந்த அன்று, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மலை ரோட்டுல மட்டும் வண்டி ஓட்டாதடா" என்றார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். அவர் போன பிறகும் அந்தப் பிடி விடவில்லை. அத்திபெலே ஃபேக்டரிக்கும் சிட்டிக்கும் நடுவிலேயே என் சர்வீஸ் முழுவதும் ஓடி முடிந்தது. வருஷா வருஷம் கம்பெனியில் ஊட்டிக்கு ஃபேமிலி டூர் போகும்போது, என் டியூட்டியை இன்னொரு டிரைவருக்குத் தள்ளிவிட்டு அவனுடைய ஞாயிற்றுக்கிழமையை நான் ஓட்டுவேன். "என்ன குரு, டிரைவருக்கே வாந்தி வருமா?" என்று கேலி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நீ காலேஜில் இருந்தபோது, படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நண்பர்களோடு மலை ஏறப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஷூவில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்து, மீசை முளைத்த பிள்ளையைக் கை நீட்டி அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்டாய். எனக்கே தெரியாததை உனக்கு எப்படிச் சொல்ல? என் அப்பாவின் பயத்தை அர்த்தம் தெரியாமல் வாங்கி அப்படியே உன் தலையில் இறக்கியிருக்கிறேன்.

இனி பத்திரிகை கதை. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும், அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தாள். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்க வேண்டுமே, அந்தச் சாமி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எங்கள் கல்யாணத்தின்போது இதே கேள்வியை என் அம்மா கேட்டு வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் தாத்தா இங்கே தொம்மலூர் அம்மன் கோயிலிலேயே பத்திரிகையை வைத்துவிட்டு வந்தார். "நம்ம சாமிக்கு நாம எங்க இருக்கோம்னே தெரியக் கூடாது" என்றார் அன்று. கிண்டல் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. "என் பையன் கல்யாணமாவது முறையா நடக்கட்டும், விசாரிங்க" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ஸ்வாதியின் அப்பா நம் பூர்வீகம் எது என்று கேட்பதாக நீயும் அந்த வாரமே மெசேஜ் அனுப்பினாய். இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளம் போல ஆனேன்.

சந்தாபுராவில் இருக்கிற உன் அத்தையைத் தவிர இதைக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? போய்க் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதை ஏண்டா இப்ப தோண்டுற? அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு."

"என்ன சத்தியம்?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான். ஆம்பளப் புள்ள, கெளம்பிப் போயிடுவான்னு பயந்தாரு. நம்ம ஊரு ஓசூர் இல்லடா. கூடலூர் தாண்டி மலைக் காட்டுக்குள்ள. அவரு பேரு மாதவனும் இல்ல, மாதன். அந்த மலை புள்ளைங்களத் தின்னும்னு சொன்னாரு. அதோட கண்ணுல படாமத்தான் நம்மள வளத்தாராம்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். போகாதே என்று என்னைக் கெஞ்சினாள். அறுபதைத் தாண்டிய நாங்கள் இருவரும் அந்தச் சமையலறையில் இருட்டுக்குப் பயந்த பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தோம். தாத்தா மலைவாசி என்பதை மறைத்தது வெட்கத்தால் என்று நீ நினைத்துவிடாதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வெட்கம் இல்லை, பயம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

போகாமலிருந்திருக்கலாம். அம்மா விடவில்லை. சாமி பிள்ளையைத் தின்னுமா, அழைக்காமல் விட்டால்தான் கோபப்படும் என்று சொல்லி, பத்திரிகையைத் துணியில் சுற்றி என் பையில் வைத்து பஸ் ஏற்றிவிட்டாள். மைசூர், குண்டலுப்பேட்டை, அப்புறம் காடு. மலையில் வளைவு ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடலூரில் இறங்கி, ஜீப் பிடித்து, தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி, அத்தை சொன்ன ஊர்ப் பேரைச் சொல்லி விசாரித்துக்கொண்டே போனேன். மூங்கிலுக்கு நடுவே கொஞ்சம் ஓட்டு வீடுகள். சன்னமாக மழை. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். முதல் வீட்டு வாசலில் கம்பளி போர்த்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் வேண்டும் என்று கன்னடத்தில், "யாரு பேக்கு?" என்றார். பாதிக் கன்னடம், பாதித் தமிழ் என்று அவர் பேச்சு போனது. பெங்களூர்க்காரனுக்கு அதில் கஷ்டம் இல்லை. மாதன் என்பவருடைய மகன் நான் என்றேன்.

அந்த மனுஷர் எழுந்து ஓரடி பின்னால் போனார். என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை.

"எந்த மாதன்? எங்க பெரியப்பனா? அவன் சின்ன வயசுலயே யானை அடிச்சுச் செத்துப்போனானே. கல்லு நட்டிருக்கு."

அவர் பேர் கெம்பன். தாத்தாவின் தம்பி மகன், எனக்கு அண்ணன் முறை. நான் ஃபோனில் இருந்த தாத்தாவின் படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு தன் மகள் ராஜியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது எங்கப்பன் மூஞ்சிதான்" என்றார். எனக்கு வெந்நீர் கொடுத்தார்கள். டீ இல்லை, வெந்நீர். நான் கேட்காமலே.

கெம்பன் அண்ணன் சொன்னதைக் கேட்டும், அவருக்குத் தெரியாததை அத்தையிடம் கேட்டும்தான் உன் தாத்தாவின் இளம்பருவம் எனக்குப் பிடிபட்டது. தாத்தாவுக்கு இரண்டு அக்காக்கள். மழைக்காலம் வந்தால் அந்தப் பெண்களுக்குக் கையும் காலும் முறுக்கி வலிக்கும். எலும்புக்குள்ளே யாரோ குத்துவது போல என்று கத்துவார்களாம். ஆற்றில் குளித்தால் வரும். விறகு சுமந்து மேடு ஏறினால் வரும். தாகத்தோடு இருந்தால் வரும். தாத்தாதான் அக்காக்களுக்குக் காலில் சூட்டு ஒத்தடம் கொடுக்கிறவர், தண்ணீர் காய்ச்சிக் குடிக்கக் கொடுக்கிறவர். எது செய்தால் வலி வருகிறது, எது செய்தால் அடங்குகிறது என்று பக்கத்திலிருந்தே பார்த்தவர். முதலில் ஒருத்தி போனாள், அடுத்த மழையில் இன்னொருத்தி. இரண்டு பெண்ணைப் புதைத்த அவர்கள் அம்மா, மலையில் இருக்கிற சாமி தன் வயிற்றுப் பிள்ளைகளைத்தான் குறி வைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். தம்பி அப்போது கைக்குழந்தை; மரம் ஏற்ற வந்த லாரியில் மூத்த பையனை ஏற்றி, சூடான ஊராகப் பார்த்து இறங்கிக்கொள், திரும்பி வராதே, இங்கத்துப் பெண்ணைக் கட்டாதே, உன் பிள்ளைகளுக்கும் சொல்லாதே என்று அனுப்பிவிட்டாள். மறுநாள், யானை அடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டி அழுதாள். சாவுச் சடங்கு செய்து, அவளே கல்லும் நட்டாள். சாமி அதை நம்ப வேண்டும் என்பதற்காக, பெற்ற தாய் தன் பிள்ளைக்குக் கருமாதி செய்திருக்கிறாள்.

அந்தக் கல்லை எனக்குக் காட்டினார்கள். முழங்கால் உயரம், பாசி பிடித்துக் கிடந்தது. என் அப்பா தொம்மலூரில் அக்கா பெற்ற பேத்திகளுக்குத் தலை வாரிவிட்டு, பீடி வாங்கக் காசு கேட்டு, வயதாகி, எங்கள் கண் முன்னால் கட்டிலில் செத்தவர். அவருக்கு அங்கே அவர் மீசை முளைப்பதற்கு முன்பே நட்ட கல்.

"பாட்டி பொழச்சிருந்த வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் இந்தக் கல்லுக்கு வெந்நீர் ஊத்துவாளாம். செத்தவனுக்கு எதுக்கு வெந்நீருன்னு எங்கப்பன் கேப்பானாம். அவ சொல்ல மாட்டாளாம்" என்றார் கெம்பன் அண்ணன். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அழுது முடித்துவிட்டு, வந்த வேலையைப் பார்க்கலாம் என்று பத்திரிகையை எடுத்தேன். சாமிக்கு அங்கே கோயில் கிடையாது. மரத்தடியில் ஒரு பாறை, அதன்மேல் குங்குமம். வைக்கப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மொதல்ல ரத்தம். அப்புறம்தான் பத்திரிகை."

எனக்குப் புரியவில்லை. ராஜிதான் சொன்னாள். அந்த நோய்க்கு இப்போது பேர் இருக்கிறதாம், சிக்கிள் செல். ரத்தத்தில் உருண்டையாக இருக்க வேண்டிய அணு அரிவாள் போல வளைந்துவிடும். குளிரிலும் தாகத்திலும் அது ஒன்றோடொன்று ஒட்டி, சின்னக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அதுதான் அந்த வலி. தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது, சும்மா ரத்தத்தில் இருக்கும், பிள்ளைக்குப் போகும். அந்த ஊரில் இப்போது பெண் பார்க்கும் முன்பு இரு வீட்டாரும் பரிசோதனை அட்டையை வெற்றிலையில் வைத்து அந்தப் பாறை முன்னால் வைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. கொண்டுவந்தவரே கெம்பன் அண்ணன்தான். "நான் மாமன் மகளைக் கட்டினேன். யாரு பாத்தாங்க? ரெண்டு புள்ளை போச்சு. இவ நின்னா" என்று ராஜியைக் காட்டினார். ராஜிக்கு நோய் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள், தையல் மெஷின் வைத்திருக்கிறாள், மழை நாளில் வெளியே போவதில்லை, பக்கத்தில் எப்போதும் தண்ணீர் பாட்டில். அவள் சிரிப்பு அப்படியே உன் அத்தையின் சிரிப்பு.

நமக்கு எதுவும் வந்ததில்லையே, என் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லையே என்று நான் சொன்னேன். "பெரிய தாத்தாவுக்கும் ஒண்ணும் வரலையே சித்தப்பா. வராதவங்களாலதான் இது ஊர் ஊராப் போகுது" என்றாள் ராஜி. அன்று கீழே பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்க்கிற வேன் வந்திருந்தது. வந்ததுதான் வந்தீர்கள், விரலைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கூட்டிப் போனாள். ஒரு சொட்டுதான். எனக்கு இருந்தது. நம்பாமல், பெங்களூர் வந்து பெரிய லேபில் மறுபடியும் கொடுத்தேன். அதிலும் இருந்தது. "உங்களுக்கு நோய் இல்ல சார், நீங்க கேரியர் மட்டும்தான்" என்றார் டாக்டர் அம்மா. ஏதோ லைசென்ஸ் கொடுப்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். பின்னால் என்ன சரக்கு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியாமலே இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், சரவணா. அது உன்னிடம் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பூவா தலையா மாதிரி என்றார்.

அதுவரைக்கும் எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். உனக்கே இருந்தாலும் ஸ்வாதிக்கு இல்லாவிட்டால் பிள்ளைக்கு நோய் வராது, தாத்தா தப்பித்தது போல நீயும் தப்பித்துக்கொள்வாய் என்று ஆறுதலோடுதான் ஆட்டோ ஏறினேன். தமிழ்நாட்டு மலையில் இருக்கிற நோய் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் டாக்டர் அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. மருமகள் எந்த ஊர் என்று கேட்டார். நாக்பூரைத் தாண்டி ஒரு ஊர் என்றேன். பேனாவை எடுத்தவர் கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பக்கமும் இது உண்டு. கட்டாயம் பாத்துடுங்க" என்றார். ஆட்டோ இந்திராநகர் சிக்னலில் நிற்கும்போது எனக்கு ஸ்வாதியின் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது.

ஸ்வாதியை முதல்முதலாக நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாயே, அன்று அவள் பையிலிருந்து ஒரு பெரிய பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அம்மா கொடுத்த ஐஸ் போட்ட ஜூஸை வேண்டாம் என்று சொல்லி, வெந்நீர் கேட்டாள். பேச்சுக்கு நடுவே குடித்துக்கொண்டே இருந்தாள். உன்னையும் குடிக்கச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பாத்தியா! தாத்தாவே அனுப்பி வெச்ச பொண்ணு" என்று அம்மாவிடம் சமையலறையில் குதித்தேன். சாதி என்ன, பாஷை என்ன என்று இழுத்துக்கொண்டிருந்த அம்மாவை அந்தப் பாட்டிலைக் காட்டியே சம்மதிக்க வைத்தேன். இதே பாட்டில்தான் இப்போது என்னைக் கொல்கிறது. ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று யார் சொல்லி வளர்ப்பார்கள்? என் அப்பா ஏன் சொன்னார் என்று எனக்கு இப்போது தெரிகிறதே.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மெதுவாக, "அந்தப் பொண்ணுக்கு ஒரு அக்கா இருந்தா தெரியுமா?" என்றாள். பாத்திரம் கழுவும்போது ஸ்வாதி அவளிடம் அரைகுறை இந்தியில் சொல்லியிருக்கிறாள். அக்கா படிப்பில் கெட்டிக்காரியாம், ஆனால் அடிக்கடி கால் வலி என்று படுத்துவிடுவாளாம், பத்தாவது முடிப்பதற்குள் போய்விட்டாளாம். காய்ச்சல் என்று அம்மா புரிந்துகொண்டிருக்கிறாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இது நிஜமாகவே காய்ச்சலாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை, பஸ் டிரைவர். ஒன்றை ஒன்றோடு முடிச்சுப் போட்டுப் பயப்படுவது என் பிறவிக் குணம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்தத் தடவை அது பேயாகவே இருந்து தொலைக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் உனக்கும் இருந்து அவளுக்கும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் என்றார் டாக்டர். தாத்தாவின் அம்மா மண்ணில் போட்ட அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி உன் மடிக்குத் திரும்பி வருவது போல எனக்கு நினைப்பு ஓடுகிறது. அந்த முகம் உன் முகமாகவே இருக்கிறது. போதும், இதற்கு மேல் எழுத வரவில்லை.

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா அவங்க வீட்ல நாம சாக்கு தேடுறோம்னு நெனைப்பாங்க. அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சுடும்" என்கிறாள் அம்மா. அத்தையோ, "சொல்லவே சொல்லாதடா, அப்பா சத்தியம்" என்று ஃபோன் போட்டு அழுகிறாள். இரண்டு பேர் சொல்வதும் பயத்தில் சொல்வதுதான், என்னைப் போலத்தான். நானும் பத்து நாளாக உன் ஃபோன் வந்தால் 'தண்ணி குடிச்சியா' என்று கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தாத்தாவை நினைத்துப் பார்க்கிறேன். நம்மைக் காப்பாற்ற அவர் ஊரை விட்டார், பேரை விட்டார், பெற்றவளை விட்டார், சாமியையே ஏமாற்றினார். மலையை விட்டால் எல்லாம் போய்விடும் என்று நம்பினார். அது அவர் ரத்தத்திலேயே லாரி ஏறி பெங்களூருக்கு வந்துவிட்டது அந்தப் பாவப்பட்ட மனுஷருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவர் அன்பில் செய்ததை நான் வஞ்சகமாகச் செய்தது போல ஆகும்.

அதனால் இதைச் செய். ஸ்வாதிக்குத் தமிழ் தெரியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து இதை அவளுக்கு வாசித்துச் சொல். அவள் அக்காவைப் பற்றி எழுதிய இடத்தைத் தாண்டிப் போய்விடாதே, அதையும் சொல். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், உன்மேல் வராமல் பார்த்துக்கொள். அழுதால் நீயும் கூட அழு, தப்பில்லை. பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ரத்தம் கொடுங்கள். உன் முடிவு முதலில், அவள் முடிவு அப்புறம் என்று தனித்தனியாக வாங்காதீர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பயப்பட வேண்டி வரும். இரண்டு பேருக்கும் இருந்தால்? அப்போதும் உங்கள் கல்யாணம் உங்களுடையது. கருவிலேயே பார்க்க வழி இருக்கிறதாம், மருந்து இருக்கிறதாம், பிள்ளையை எடுத்து வளர்க்கவும் உலகம் இருக்கிறது. என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானோ அம்மாவோ அதில் வாய் திறக்க மாட்டோம். அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நம் குடும்பத்தில் இந்த ஒரு சத்தியமாவது மறைப்பதற்காக வாங்காததாக இருக்கட்டும்.

பத்திரிகை திரும்பி வந்து பெட்டியில் இருக்கிறது, மஞ்சள் அழியாமல் அம்மா துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். ரிசல்ட் வந்ததும், எப்படி வந்தாலும், நாம் நால்வரும் அந்த மலைக்குப் போகிறோம். உன் காரை எடுத்து வா, ஆனால் ஸ்டியரிங்கை என்னிடம் கொடு. மலைப் பாதையில் நான்தான் ஓட்டப் போகிறேன். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்பேன், பின்னால் வருகிறவன் எல்லாம் திட்டுவான், நீயும் திட்டுவாய். பரவாயில்லை. மாதனுடைய பேரன் வந்திருக்கிறான், அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளும் வந்திருக்கிறாள், இனி ஒளிய மாட்டோம் என்று அந்தப் பாறைமுன் நின்று சொல்ல வேண்டும். தாத்தாவின் கல்லுக்கு ஊற்றுவதற்காக அம்மா இப்போதே பெரிய ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிவிட்டாள். அதில் இருக்கிற வெந்நீர் அவருக்கு. நீங்கள் குடிக்க வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பயத்தோடும் அன்போடும்,
உன் அப்பா